கலயமும் சுண்ணாம்பும்

திருப்பூரில் பின்னலாடை வடிவமைப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு, வீட்டிலேயே பியர் காய்ச்சி வகுப்புத் தோழர்களுக்கு ஊற்றிக் கொடுக்கும் ஆசை வந்தால், முதலில் தேட வேண்டியது ஈஸ்ட் அல்ல, நல்ல வக்கீல். 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் திடமாகவே இருக்கிறது.

தவிர, பியர் ஆமை வேகம்; புளித்துத் தெளிய இரண்டு மூன்று வாரம் கேட்கும். அவசரக்காரர்களுக்கு ஏற்றது தாராபுரம் பக்கத்துப் பனையிலேயே தொங்குகிறது. பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டினால் போதும். மிச்ச வேலையைக் காற்றில் வரும் ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும். விடிந்தால் கள்.

ஆனால் 1987 முதல் அது குற்றம். அதே கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் புளிக்காது; கிடைப்பது தெளுவு, அதாவது பதநீர். ‘தெளுவு குடிங்க, உடம்புக்குக் குளிர்ச்சிங்க’ என்று உபசாரம் நடக்கும். ஆக, குற்றத்துக்கும் குளிர்ச்சிக்கும் நடுவே இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு.

இத்தனை கறாரான அரசுதான் 2003 முதல் டாஸ்மாக் கடைகளில் தானே பாட்டில் விற்கிறது. பாட்டிலுக்கு வரி உண்டு. பனைமரத்துக்கு பில் போடத் தெரியாது.

தோழர்களுக்குச் சட்டப்படி புளிக்க வைத்துக் கொடுக்க ஒன்று மிச்சமிருக்கிறது: இட்லி மாவு. ராத்திரி கரைத்தால் காலையில் பொங்கும். லைசென்ஸ் வேண்டாம், சட்னி போதும்.