எழுபது வளைவுகளும் ஒரு தார்ப்பாயும்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. எண் கூடக்கூடக் காது அடைக்கும், வயிறு புரளும். தொண்ணூறுகளில் நானும் என் கணவரும் மாருதி 800இல் ஏறியபோது எனக்கு மருந்து எலுமிச்சம்பழம்தான். நகத்தால் கீறி மோந்துகொண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்துவிடுவேன். ஓட்டுகிறவருக்கு எதுவும் செய்யாது. அடுத்த திருப்பம் எந்தப் பக்கம் என்று அவர் உடம்புக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது, பக்கத்தில் இருப்பவருக்குத்தான் பாடு.

பாதி மலையில் வண்டி சூடேறிவிடும். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு ரேடியேட்டர் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மூடியைத் திருகினால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். எரிச்சலான நேரம்தான். ஆனாலும் கீழே சேந்தமங்கலம் பக்கத்து வயல்களை நாங்கள் நின்று நிதானமாகப் பார்த்தது அந்த நிறுத்தங்களில்தான். இப்போதுள்ள கார் எங்கும் நிற்பதில்லை. எலுமிச்சம்பழம் மட்டும் இன்னும் என் கையில் இருக்கிறது.

அன்று எங்களிடம் கூடாரம் கிடையாது. நெல் மூட்டை மூடுகிற தார்ப்பாய் ஒன்று, நைலான் கயிறு, விரிக்கவும் போர்த்தவும் பவானி ஜமக்காளம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் தங்கக் கூடாது என்பதால், தோட்டம் வைத்திருப்பவர்களிடம்தான் இடம் கேட்போம். என் கணவர் கோவைக்காரர், கேட்கிற பேச்சிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

“ஏனுங்கண்ணா, ராத்திரிக்கு இங்க படுத்துக்கலாமுங்களா?”

“படுங்க. மழை வந்தா யோசிக்காம திண்ணைக்கு வந்துருங்க.”

தார்ப்பாயின் ஒரு பக்கத்தைக் காரின் கேரியரிலும் மறுபக்கத்தைச் சில்வர் ஓக் மரத்திலும் கட்டுவோம். அந்த மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருப்பார்கள். கொடி நசுங்காமல் கயிறு போகிறதா என்று தோட்டக்காரர் கூடவே நின்று பார்ப்பார், சில சமயம் கயிற்றை வாங்கி அவரே கட்டிவிடுவார். விடிந்ததும் அவர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர், அவர் வீட்டுப் பலா, அந்த வீட்டு அக்கா கேட்கிற கேள்விகள்: எத்தனை பிள்ளைகள், ஏன் இப்படி வெட்டவெளியில் படுக்கிறீர்கள், ஊரில் வீடு இல்லையா. மலையாளிகள் என்று அழைக்கப்படும், தமிழ் பேசும் அந்த மலைவாழ் மக்களை நாங்கள் அறிந்தது இப்படித்தான். இன்று இடத்தைக் கைப்பேசியிலேயே பதிவு செய்து பணமும் கட்டிவிடுகிறோம். அங்கே போய் இறங்கும்போது பேச யாருமில்லை, காட்ட வேண்டிய ரசீது மட்டும் இருக்கிறது. இந்த இழப்புதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சமையலில் இழந்தது எதுவுமில்லை. பம்ப் ஸ்டவ்வை ஏற்றுவதற்குள் கை ஓய்ந்துவிடும். அடைப்பெடுக்கப் பின் வேண்டும், ரேஷன் மண்ணெண்ணெய் வாடை டீயில்கூட இறங்கிவிடும். இப்போது உள்ளங்கை அகல அடுப்பு, கேனில் கேஸ், ஒரு திருகலில் தீ. நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளிசாதம் மட்டும் அன்று போலவே இன்றும் மறுநாள் வரை தாங்குகிறது.

கூடாரம் வேறு கதை. புதுக் கூடாரத்தைச் சில நிமிடத்தில் நிறுத்திவிடலாம், கொசு வராது. ஆனால் குளிருக்குப் பயந்து ஜிப்பை முழுதாக மூடிப் படுத்தால் விடியற்காலையில் முகத்தில் சொட்டும். மழை பெய்திருக்காது. நாம் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு நீராகி, விரலால் தொட்டால் கோடாக வழிந்து இறங்கும். இரண்டு பக்கமும் திறந்து கிடந்த தார்ப்பாயில் அந்தத் தொல்லை இருந்ததில்லை. எதிரெதிர்ப் பக்கங்களில் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டுப் படுங்கள்.

கழிப்பறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்கள் எழுதும் பயணக் கட்டுரைகளில் இதை அதிகம் பார்க்க முடியாது. அன்று இருட்டும்வரை பொறுத்திருக்க வேண்டும். அதற்காக மதியத்துக்கு மேல் தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறேன். மலையின் அழகெல்லாம் தலைவலிக்கு நடுவில்தான். ஊர் திரும்பியதும் நீர்க்கடுப்பு, பார்லித் தண்ணீர். இன்று வழியில் பெட்ரோல் பங்குகள் இருக்கின்றன, தங்குமிடத்தில் தாழ்ப்பாள் உள்ள கதவு இருக்கிறது. தாகம் எடுத்தால் குடிக்கிறேன். அதனால், அன்றைய பயணமே மேல் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

ஆனால் அன்றைய இரவு மேல். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடைசியாகப் போனபோது பக்கத்துக் கூடாரக்காரர்கள் நள்ளிரவு தாண்டியும் ஸ்பீக்கரில் பாட்டு வைத்திருந்தார்கள். என் கணவர் போய்ச் சொன்னதற்கு, “சனி, ஞாயிறு அப்படித்தான் சார்” என்று இடத்தை நடத்துபவர் சொல்லிவிட்டார். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அந்த விதி மலைக்கும் உண்டு. தவளையும் சில்வண்டும் கேட்பதற்காக ஏறிவந்தவர்கள், நகரத்தில் கேட்கிற அதே சத்தத்தைப் பணம் கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

பாட்டில் விஷயம் இதைவிட மோசம். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. கண்ணாடிக்குத் தடை இல்லை, அது பாறையில் உடைந்து கிடக்கிறது. அறப்பளீசுவரர் கோயிலிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்குகிறார்கள். அவர்களில் வெறுங்காலோடு இறங்குகிறவர்களும் உண்டு. தோட்டத்துப் பிள்ளைகளும் வெறுங்காலோடு ஓடுகிற மண் அது.

முடிந்தால் வார நாளில் போங்கள். பத்து மணிக்கு ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள். காலிப் பாட்டிலைக் காரிலேயே போட்டுக்கொண்டு இறங்கி, நாமக்கல்லிலோ சேலத்திலோ குப்பைத்தொட்டியில் போடுங்கள். அங்கே அள்ளிப்போக மாநகராட்சி வண்டி வரும்.