நூலகத்தைப் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்

அனுப்புநர்: மரத்தடி மனு எழுத்தர் ஒருவர், மணலூர்பேட்டை, கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு இயக்குநர் அவர்கள், பொது நூலகத் துறை, சென்னை.

பொருள்: நூலகங்களில் அன்றாடத் தகவல் சொல்லும் விபரீத யோசனையை முளையிலேயே கிள்ளி எறியக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

நான் அரசு அலுவலக வாசல்களில் மனு எழுதிப் பிழைப்பவன். மடக்கு மேசை, ஒரு குயர் வெள்ளைத்தாள், கைநாட்டுக்கு ஒரு மைப்பெட்டி, இவ்வளவுதான் முதலீடு. பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று எது கேட்டாலும் எழுதித் தருவேன். ஆனால் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எழுதுகிற கூலி சொற்பம். எந்த ஆபீஸ், எந்தக் கிழமை, யாரைப் பார்க்க வேண்டும், எத்தனை ஜெராக்ஸ் என்று சொல்கிறோமே, அதில்தான் அடுப்பெரிகிறது.

இந்த அடுப்பில் தண்ணீர் ஊற்றப் பார்க்கிறார்கள். நாலு புத்தகம் படித்த எங்கள் ஊர்க்காரர்கள் சிலர், இந்த விவரமெல்லாம் நூலகத்திலேயே கிடைக்க வேண்டும் என்று பேச ஆரம்பித்திருக்கிறார்கள். பேச்சு சென்னை வரைக்கும் வருவதற்குள் நான் முந்திக்கொள்கிறேன்.

என்னிடம் வருகிறவர்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு பாட்டி வருவார். மஞ்சப்பையை மேசைமேல் கவிழ்ப்பார். ஆதார், ரேஷன் கார்டு, புருஷனின் இறப்புச் சான்று, பேங்க் புத்தகம், பேரனின் டி.சி., எப்போதோ கட்டிய கரண்ட் பில், எல்லாம் விழும். எது வேண்டும், எது வேண்டாம் என்று அவருக்குத் தெரியாது. “எதுக்கும் எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு காப்பி எடுத்துடு ஆயா” என்பேன். ஜெராக்ஸ் கடை மச்சானுடையது. முதியோர் பென்ஷனுக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று ஒரே ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி நூலக வாசலில் தொங்கவிட்டால் மச்சான் நிலைமை என்ன ஆகும்? குடும்பத்தையும் கொஞ்சம் யோசியுங்கள்.

பட்டா, சிட்டா நகலை அரசின் இணையதளத்தில் காசில்லாமல் எடுக்கலாம். வில்லங்கத்தையும் கட்டணமின்றிப் பார்க்கலாம். இதையெல்லாம் கம்ப்யூட்டர் இருக்கிற நூலகம் ஒன்றில் யாராவது உட்கார்ந்து காட்டிக்கொடுத்தால், பத்து நிமிட வேலை. பத்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு எங்களைப் போன்றவர்கள் மூன்று நாள் அலைய விடுகிறோம் என்றால், அந்த அனுபவத்துக்கு ஒரு விலை இல்லையா?

கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் விஷயம் இன்னும் நுட்பமானது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி உரிமை கோரும் படிவம் இலவசமாக, எளிதாகக் கிடைக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. கோரிக்கை முதலில் போக வேண்டிய இடம் கிராம சபை. ஊர்ப் பெரியவர்கள் சொன்னதை எழுதி வைத்தால் அதுவும் சான்றாகச் செல்லும். தொண்ணூறு வயதுத் தாத்தாவின் வாய்ச்சொல்லே ஆவணம் என்பது மலைமேல் இருக்கிற வெள்ளிமலையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டால், “வெள்ளைக்காரன் காலத்து ரெக்கார்டு வேணும், தேடித் தர்றேன்” என்று சொல்கிற தரகர்கள் தெருவுக்கு வந்துவிடுவார்கள்.

ஆற்று விஷயத்தையும் சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் 2-ஆம் தேதி விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து எங்கள் ஊர்த் தென்பெண்ணையில் விநாடிக்கு 1,68,000 கனஅடி திறந்தார்கள். கனஅடி என்றால் எங்களுக்கு என்ன தெரியும்? எவ்வளவு திறந்தால் எந்தத் தெரு வரைக்கும் ஏறும் என்பதுதான் ஊருக்கு வேண்டிய கணக்கு. அதை ஒரு சுவரில் கோடு போட்டுக் காட்டலாம். வேண்டாம். இப்படித்தான் புதுச்சேரிப் பக்கம் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-லிருந்து கிராமங்களில் தகவல் மையங்கள் வைத்தது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அலை உயரத்தைப் பார்த்து மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அது நூலகம்கூட இல்லை. நூலகங்களும் அப்படிக் கிளம்பினால் வாட்ஸப்பில் அணையை வாரம் இரண்டு முறை உடைக்கிற எங்கள் ஊர் வல்லுநர்கள் எங்கே போவார்கள்? தை 5-ஆம் நாள் அண்ணாமலையார் எங்கள் ஆற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார். அன்றைக்குத் திருவண்ணாமலைக்குக் கடைசி பஸ் எப்போது என்பதைக்கூட டீக்கடையில்தான் கேட்க வேண்டும், அதுதான் மரபு.

சட்டம் பேசுகிறவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தை இழுப்பார்கள். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில், ஒவ்வோர் அலுவலகமும் யாரும் கேட்காமலே தானே வெளியிட வேண்டிய பட்டியல் இருக்கிறது. மொத்தம் 17 இனங்கள். அதில் 15-ஆவது இனத்தில், பொதுமக்களுக்கு நூலகமோ வாசிப்பறையோ வைத்திருந்தால் அதன் வேலை நேரத்தையும் அறிவிக்க வேண்டும் என்கிறார்கள். நேரத்தை அறிவியுங்கள், மறுக்கவில்லை. அந்த 17 இனங்களையும் தைத்து நூலக மேசையில் வைக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

இன்னொரு கூட்டம் வீட்டுவரி ரசீதைத் தூக்கிக்கொண்டு வரும். வரியில் ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரி கட்டுகிறோமே என்று கேட்கும். 1948-லேயே சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக நூலகச் சட்டம் போட்ட மாகாணம் நம்முடையது என்று பெருமை பேசும். சீர்காழிக்காரர் ரங்கநாதன் 1931-ல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது என்று நினைவூட்டும். மனிதர் நல்லவர்தான், மரத்தடியில் உட்கார்ந்து பார்த்ததில்லை. ஜனங்களின் நேரம் மிச்சமானால் எங்கள் வருமானம் மிச்சமாகாது.

ஆகவே இப்போது இருப்பதே இருக்கட்டும். காலையில் பெரியவர்கள் பேப்பர் படிக்கட்டும். பிள்ளைகள் குரூப் 4-க்குப் படிக்கட்டும். நாளைக்கு அவர்கள்தானே ஆபீசில் உட்கார்ந்து என் மனுக்களை வாங்கப் போகிறார்கள். ஒரு கரும்பலகை, வாரம் ஒருமுறை மாற்றுகிற ஒரு தாள், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அதை வாசித்துச் சொல்ல ஓர் ஆள், இந்த மூன்றையும் எந்த ஊர் நூலகத்துக்கும் ஒதுக்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இதையும் மீறிச் செய்வதென்று முடிவெடுத்தால், அந்த ஆள் வேலைக்கு என்னையே போடுங்கள். விவரமெல்லாம் எனக்கு மனப்பாடம், திங்கள்கிழமைகூடச் சேரத் தயார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
மனு எழுத்தர்

நகல்: ஜெராக்ஸ் கடை மச்சானுக்கு, தகவலுக்காக.