பீரங்கிக்கு அப்புறம் பாட்டில்

அதுவரை ஒருவரை ஒருவர் விளம்பரத்தில் நக்கலடித்தே பிழைத்துவந்த கோக்கும் பெப்சியும், 2003 ஆகஸ்ட் 5 அன்று டெல்லியில் ஒரே மேடையில் தோளோடு தோள் சேர்த்து நிருபர்களைச் சந்தித்தன. பங்காளிப் பகையை ஒரே நாளில் தீர்த்துவைத்த புண்ணியம் சுனிதா நாராயணின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்துக்கு. அங்கிருந்த வாயு குரோமட்டோகிராஃப் கருவி 12 குளிர்பானங்களை ருசிபார்த்துவிட்டு லிண்டேன், டிடிடி, மாலத்தியான், குளோர்பைரிபாஸ் என்று உரக்கடைப் பட்டியலை வாசித்திருந்தது.

பாட்டிலுக்குள் மருந்து எப்படி வந்தது என்பதைவிட, சோதித்த லேபுக்கு என்ன யோக்கியதை என்பதே பெரிய கேள்வியானது. பெப்சி உயர்நீதிமன்றப் படியேறியது. நாடாளுமன்ற கேண்டீனில் கோலா உடனே நின்றது. ஊர் மக்கள் விசாரணை முடியும்வரை குடிக்கலாம், எம்.பி. வயிறு தாங்குமா?

அரசு தன் பங்குக்குச் சோதித்தது. இந்திய விதிப்படி பாதுகாப்பானதே, ஆனால் 12இல் 9 ஐரோப்பிய வரம்பைத் தாண்டுகின்றன என்றார் அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ். குளிர்பானத்தில் பூச்சிமருந்து எவ்வளவு இருக்கலாம் என்று அப்போது இங்கே சட்டத்தில் வரம்பே இல்லை. கோடே போடாத மைதானத்தில் எப்படி ஃபவுல் ஆவது?

பிறகு சரத் பவார் தலைமையில் நாடாளுமன்றக் கூட்டுக்குழு. இப்படிக் குழு போட்ட விவகாரங்களின் வரிசை: போஃபர்ஸ் பீரங்கி, ஹர்ஷத் மேத்தாவின் பங்குச்சந்தை மோசடி, மறுபடி பங்குச்சந்தை, நான்காவதாகக் கோலா. 2004 பிப்ரவரியில் குழு சொன்னது: சுனிதாவின் லேப் சொன்னது சரிதான்.

அதே 2003இல் சென்னை ஐஐடியில் பேராசிரியர் டி. பிரதீப்பின் குழு சத்தமில்லாமல் ஒரு காரியம் செய்தது. தங்க நானோதுகள் மிதக்கும் செந்நிறக் கரைசலில் எண்டோசல்ஃபான் பூச்சிமருந்தை விட்டதும், அது நீலமானது. பூச்சிமருந்து ஒட்டிக்கொண்டதும் துகள்கள் கூட்டம் சேர்வதால் வரும் நிறமாற்றம், கண்ணே கருவி. (சவரன் கணக்குப் போட வேண்டாம், தேவைப்படுவது இம்மியளவு தங்கம்.) நானோ வெள்ளி பூச்சிமருந்தைப் பிடித்துவைக்கும் என்பதையும் அவர் காட்ட, 2007இல் அது வீட்டுத் தண்ணீர் வடிகட்டியாகக் கடைக்கு வந்தது.

பூச்சிமருந்தைக் கண்டுபிடிக்க இன்னொரு வழியும் உண்டு. சி.வி. ராமன் 1928இல் கண்ட ஒளிச்சிதறல் மகா கூச்ச சுபாவி. மூலக்கூறின் பெயரை முணுமுணுக்கும், காதில் விழாது. சொரசொரப்பான வெள்ளிமேல் அதே மூலக்கூறு உட்கார்ந்தால் சத்தம் பல லட்சம் மடங்கு கூடும் என்று 1977இல் புரிந்தது. அதற்கான வெள்ளி நானோதண்டுகளை டெல்லி ஐஐடியிலேயே வளர்க்கிறார்கள்.

கருவிக்குக் குறைவில்லை. ஆனால் டெல்லியின் ஆசாத்பூர் காய்கறி மண்டியில் தினமும் இறங்கும் கத்தரிக்காயின் பூச்சிமருந்துக்காக இன்றுவரை எந்தக் கூட்டுக்குழுவும் உட்கார்ந்ததில்லை.