பத்து கிலோவாட், எத்தனை நொடிக்கு?

கேள்வி: ஆற்றல், திறன் என்று ஒரே சரக்குக்கு எதற்கு இரண்டு பெயர்?

பதில்: சரக்கு வேறு, அது செலவாகும் வேகம் வேறு. ஆற்றல் மொத்த இருப்பு. அதை ஜூலில் அளக்கிறார்கள். அந்த இருப்பு நொடிக்கு எவ்வளவு கரைகிறது என்பது திறன். நொடிக்கு ஒரு ஜூல் கரைந்தால் ஒரு வாட். மின்கட்டணத்தில் வரும் யூனிட் ஆற்றலின் அளவு: 1,000 வாட் வீதம் ஒரு மணி நேரம், அதாவது 36 லட்சம் ஜூல். ஒரே யூனிட்டில் 2,000 வாட் கீசர் அரை மணி நேரம் ஓடும். 9 வாட் எல்இடி பல்பு 111 மணி நேரம் எரியும். ‘இலவச மின்சாரம்’ தருவதாகச் சொல்லப்படும் பல கருவிகளில் வாட் பெரிய எழுத்தில் இருக்கும்; நேரம் இருக்காது.

கேள்வி: சுண்டுவிரல் அளவு பேட்டரி ஆயிரக்கணக்கான வாட் தருமா?

பதில்: சேர்த்து வைத்தால் ஒரு கணம் தரும். பழைய ஃபிலிம் கேமராவின் ஃபிளாஷே சாட்சி. சுவர்க் கடிகாரத்தில் போடுகிற செல் இரண்டு. அவற்றின் மின்னழுத்தத்தை 300 வோல்ட்டுக்கு உயர்த்தி, 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றில் ஏற்றினால் 4.5 ஜூல் சேரும். சேர ஐந்து நொடி என்றால், ஏறும் வீதம் 0.9 வாட். அதுவே ஒரு மில்லி நொடியில் வெளியேறினால் 4,500 வாட். திறன் ஐயாயிரம் மடங்கு பெருகிவிட்டது. ஆற்றல் ஒரு ஜூல்கூடக் கூடவில்லை. சுற்று சூடானதில் போனதையும் சேர்த்தால், செல் கொடுத்தது 4.5 ஜூலைவிட அதிகம்.

கேள்வி: ஒரு குதிரைத்திறன் மோட்டார், அது சுற்றும் கனத்த சக்கரம், சக்கரம் ஓட்டும் பத்து கிலோவாட் ஜெனரேட்டர். ‘இலவச மின்சார’ வீடியோவில் விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிறதே, அது பொய்யா?

பதில்: விளக்கு எரிந்தது மெய்யாகவே இருக்கலாம். 100 கிலோ எடை, அரை மீட்டர் ஆரம் கொண்ட தட்டு வடிவச் சக்கரம் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும்போது அதில் சுமார் 1,54,000 ஜூல் இருக்கும். பார்க்கப் பெரிய எண். ஆனால் யூனிட் கணக்கில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. பத்து கிலோவாட் விளக்குகளுக்கு அது கால் நிமிடம்தான் தாங்கும். சக்கரம் தளரத் தளர வோல்டேஜும் இறங்குவதால் அந்தக் கால் நிமிடமும் முழுசாகக் கிடைக்காது. அந்த இருப்பை ஏற்ற ஒரு குதிரைத்திறன், அதாவது 746 வாட், மோட்டாருக்கு, ஒரு துளி இழப்பில்லாவிட்டாலும், மூன்றரை நிமிடம் பிடிக்கும். வீடியோவில் பார்க்க வேண்டியது பிரகாசத்தை அல்ல, எந்த நொடியில் காட்சி வெட்டப்படுகிறது என்பதை.

கேள்வி: உள்ளே போவதைவிட வெளியே வருவது அதிகம் என்று மீட்டரே காட்டினால்?

பதில்: மின்சாரம் துடிப்பு துடிப்பாக வந்தால் சாதாரண மீட்டர் தடுமாறும். வோல்ட்டைத் தனியே, ஆம்பியரைத் தனியே அளந்து பெருக்குவது நேர்மின்னோட்டம் சீராகப் பாயும்போது சரி. காயிலில் இரண்டும் ஒரே கணத்தில் உச்சம் தொடுவதில்லை. பெருக்கல் ஆயிரம் சொல்லும், உண்மையில் செலவாவது நூறு வாட்டாக இருக்கும். இப்படியொரு சர்ச்சை நீதிமன்றம் வரை போனது: அமெரிக்காவில் ஜோசப் நியூமன் தன் ‘ஆற்றல் எந்திரத்துக்கு’க் காப்புரிமை கேட்டு வழக்காடினார். 1986இல் அந்நாட்டின் தேசிய அளவீட்டுக் கழகம் அதைச் சோதித்தது. எந்த நிலையிலும் உள்ளே போனதைவிடக் குறைவாகவே வெளியே வந்தது.

கேள்வி: அப்படியானால் நேர்மையான சோதனைதான் எது?

பதில்: உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு யூனிட் மீட்டர் வைத்து, சக்கரமும் கெபாசிட்டரும் பேட்டரியும் சேர்த்து வைத்ததெல்லாம் பல மடங்கு தீரும் அளவுக்கு மணிக்கணக்கில் ஓடவிட வேண்டும். இன்னும் எளிது: வெளியே வருவதையே உள்ளே கொடுத்து, பேட்டரியைக் கழற்றிவிடுவது. சூரியத் தகடு பேட்டரி இல்லாமலும் வெயில் உள்ளவரை மின்சாரம் தரும். அதன் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும். வேறு வரத்தே இல்லை என்று சொல்லப்படும் கருவி, பேட்டரி கழன்ற பின் எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அவ்வளவு நேரத்துக்குப் போதுமானதுதான் அதற்குள் முன்பே ஏற்றி வைத்திருந்த ஆற்றல்.