கிலோவுக்கு வாங்கிக் கதைக்கு விற்பவர்கள்

சனிக்கிழமை காலையில் கேமரன் மலையின் தானா ராத்தாவுக்கு இரண்டு வகை ஆட்கள் மலையேறி வருகிறார்கள். ஸ்ட்ராபெரி பறிக்க வருகிறவர்கள் ஒரு வகை. அவர்களால் ரோடு அடைக்கும், அவ்வளவுதான். இன்னொரு வகை, தோட்டத்துச் சந்துகளில் காரை மெல்ல உருட்டிக்கொண்டு, கோழிக்கூண்டுக்குப் பின்னாலோ முட்டைக்கோஸ் கொட்டகைக்குப் பக்கத்திலோ பழைய லேண்ட் ரோவர் நிற்கிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்க்கும். பாரம்பரியத்தை மீட்க வந்திருக்கிறார்களாம். நானும் மரியாதையாக மீட்பர்கள் என்றே அழைக்கிறேன்.

மீட்பதற்கு இங்கே சரக்கு உண்டு. கேமரன் மலையில் ஓடும் லேண்ட் ரோவர்களின் எண்ணிக்கை மலேசியச் சாதனைப் புத்தகத்திலேயே ஏறியிருக்கிறது. 1948-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட வண்டி இது. போர் முடிந்த பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு. அதனால் அலுமினியக் கலவையில் உடம்பைச் செய்தார்கள். எங்கள் மழையில் அந்த உடம்பு துருப்பிடிக்காது. அடியில் இருக்கும் சேசிஸ் எஃகு, அது துருப்பிடிக்கும். மீட்பர் கையில் சின்னச் சுத்தியலோடு வருவது இதனால்தான்.

எங்கள் பெரியப்பாவிடம் ஒருவர் வந்தார். நம்மாள்தான், கோலாலம்பூர்க்காரர், வெள்ளை வெளேர் என்று சப்பாத்து. இந்த வண்டியில் விளக்கைப் பார்த்தாலே வயது தெரிந்துவிடும். இரண்டு கண்ணும் மூக்கோடு ஒட்டி நடுவில் இருந்தால் பெரும்பாலும் அறுபதுகளின் வண்டி. மட்கார்டுக்கு நகர்ந்திருந்தால் பிந்தியது. பெரியப்பா வண்டிக்குக் கண் நடுவில். மீட்பர் முகத்தில் ஒரு நொடி வெளிச்சம் அடித்தது, சட்டென்று அணைத்துக்கொண்டார். அப்புறம் குனிந்து சுத்தியலால் நாலு தட்டு.

“அங்கிள், சேசிஸ் எல்லாம் போச்சு லா. இது பெசி பூரோக், பழைய இரும்பு. கிலோ போட்டுத்தான் எடுக்கணும். உங்களுக்காக வேணும்னா மூவாயிரத்தைந்நூறு வெள்ளி.”

“ஓடுற வண்டி தம்பி” என்றார் பெரியப்பா. பேட்டரி செத்துப்போயிருந்தது. முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினார். நாலாவது சுற்றில் உறுமிக்கொண்டு எழுந்தது. “சத்தம் சரியில்ல அங்கிள்” என்றார் மீட்பர்.

பெரியப்பா விற்றுவிட்டார். நிலம் தற்காலிக உரிமத்தில். வருஷா வருஷம் புதுப்பித்தால்தான் அடுத்த நாற்று. 2013 அக்டோபரில் ரிங்லெட் அணையைத் திறந்துவிட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறு எப்படி வந்தது என்று பார்த்தவர். 2019-ல் குவாலா தெர்லாவில் மாநில அரசு இயந்திரங்களை இறக்கிக் காய்கறித் தோட்டங்களை இடித்ததையும் பார்த்தவர். மகன் சிங்கப்பூரில். இப்படிப்பட்ட மனிதருக்குக் கையில் வரும் காசுதான் காசு. மீட்பருக்கு அதுவும் தெரியும். லாரியில் ஏற்றிக் கட்டிக்கொண்டு போனார்கள். கைப்பிடி மட்டும் கோழிக்கூண்டோரம் கிடந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு காட்சிக்கூடத்தின் கண்ணாடிக்குள் அதே வண்டியைப் பார்த்தேன். கழுவக்கூட இல்லை. ஸ்டீயரிங்கில் பெரியப்பா சுற்றிய சைக்கிள் டியூப் அப்படியே. டேஷ்போர்டில் பெரியம்மா ஒட்டிய முருகன் அப்படியே. அவரும் விலையில் சேர்த்தி. பக்கத்தில் ஓர் அட்டை: ஒரே உரிமையாளர், தேயிலைத் தோட்டத்தில் உழைத்த வண்டி, மலையின் அசல் பாட்டினா. விலை 48,000 வெள்ளி.

பாட்டினா என்றால் அழுக்கு. தானா ராத்தாவில் அந்த அழுக்குக்கு விலையில் கழிவு, பெட்டாலிங் ஜெயாவில் அதே அழுக்குதான் விலையே. இன்னொன்று: அந்த வண்டி வாழ்நாளில் ஒரு கொழுந்துகூடச் சுமந்ததில்லை. சுமந்ததெல்லாம் முட்டைக்கோஸும் கோழி எருவும். எருவின் நாற்றத்தைத் தேயிலை மணமாக்கிய வித்தைக்கு டத்தோ பட்டமே கொடுக்கலாம்.

லாபம் பாவமில்லை. சேசிஸை வெட்டி ஒட்டி, சாமானுக்கு அலைந்து, முதலை முடக்கி, ஆள் வரும் வரை காத்திருப்பவர் நாலு காசு பார்க்கட்டும். யார் வேண்டாம் என்றது? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டுத் தூணையும் கதவையும் விற்கிறவர்கள்கூடக் கடை போட்டு உட்கார்ந்து தூசியாவது தட்டுகிறார்கள். இங்கே ஒரு போல்ட்கூட மாற்றவில்லை. மலையில் சொன்ன பொய்க்கும் அடிவாரத்தில் எழுதிய அட்டைக்கும் இடையில் 44,500 வெள்ளி. லாரி வாடகையை வேண்டுமானால் கழித்துக்கொள்ளுங்கள்.

இதில் லேண்ட் ரோவர் கம்பெனியே குருநாதர். 2016 ஜனவரியில் பழைய டிஃபெண்டர் வண்டியின் உற்பத்தியை நிறுத்திக் கண்ணீர் விட்டார்கள். ஏப்ரலில், தாங்கள் எப்போதோ விற்ற முதல் சீரிஸ் வண்டிகளைத் தேடிப்பிடித்துப் புதுப்பித்து, அறுபதாயிரம் முதல் எண்பதாயிரம் பவுன் வரை விலை வைத்தார்கள். மறுபிறவி என்று பெயர். (முதலாளி நம்ம டாட்டா, மறுபிறவியில் நம்பிக்கை இருக்காதா?) ஒன்று சொல்ல வேண்டும், அவர்கள் கழற்றிப் பூட்டி வேலை செய்தார்கள்.

இந்தக் கணக்கு மலைக்குப் புதிதல்ல. கொழுந்து பறிக்கிறவளுக்குக் கிலோ கணக்கு. அவள் குனிந்து நிற்கும் சரிவைப் பார்த்தபடி டீ குடிக்கிறவரிடம் கோப்பைக் கணக்கு. மீட்பர்களே, எடைக்கு எடுத்துக் கதைக்கு விற்பதென்று வந்துவிட்டீர்கள், பெரியப்பாவின் முதுகையும் பாருங்கள். அறுபது வருஷக் கூனல், மாற்றுப் பாகம் எதுவும் இல்லை. அதுவும் ஒரே உரிமையாளர்தான். கண்ணாடிக்குள் நிறுத்தினால் நன்றாகப் போகும்.

போன மாதம் வெள்ளைச் சப்பாத்து திரும்பவும் வந்தது.

“அங்கிள், அந்தக் கைப்பிடி இருக்கா? வாங்குறவர் அசல் கைப்பிடிதான் வேணுங்கிறார்.”

“இருக்கு தம்பி. மூவாயிரத்தைந்நூறு.”

“என்னா அங்கிள், வண்டி விலை சொல்றீங்க! அது சும்மா இரும்பு லா.”

பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. கைப்பிடியைக் கோழிக்கூண்டுக் கதவுக்குக் குறுக்கே திரும்பச் செருகினார்.