மைனஸ் முப்பதில் மைலேஜ்

வினிப்பெக், கனடா

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இங்கே நாங்கள் சௌக்கியம். கார்தான் சௌக்கியமில்லாமல் இருந்தது.

போன வாரம் போனில் "லிட்டருக்கு என்ன குடுக்குது?" என்று கேட்டீர்கள். "ஏழு" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "டிரைவர் யாரு கண்ணு?" என்றீர்கள். நாமக்கல்லில் காலமெல்லாம் லாரி வைத்துத் தொழில் செய்தவருக்கு வேறு சந்தேகம் வராதுதான். டிரைவர் நானேதான் பெரியப்பா. வெளியாளும் பெட்ரோலை உருவவில்லை. இந்தக் குளிரில் டியூப்பை வாயில் வைத்து உறிஞ்சப் பார்த்தால் உதடு டியூப்போடு போய்விடும்.

இங்கே மைலேஜ் சொல்லும் முறையே தலைகீழ். நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று பேசுவார்கள். சர்க்கரை டெஸ்ட் மாதிரி, எண் குறைந்தால் சந்தோஷப்பட வேண்டும். கோடையில் நம்ம காருக்கு எட்டு லிட்டர் ஆனது, அதாவது உங்கள் கணக்கில் பன்னிரண்டரை. குளிர் வந்ததும் பதினாலு ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுத் தாத்தாவோ இன்னமும் காலனுக்கு இத்தனை மைல் என்பவர். அதிலும் பழைய இங்கிலீஷ் காலன் நாலரை லிட்டர், அமெரிக்கக் காலன் நாலு லிட்டர்கூட இல்லை. எந்தக் காலன் என்று கேட்டால் கோபித்துக்கொள்கிறார்.

இந்த அளவுக் குழப்பத்தால் இங்கே ஒரு விமானமே நடுவழியில் தரையிறங்கியிருக்கிறது. 1983 ஜூலையில் மான்ட்ரியலிலிருந்து எட்மன்டன் கிளம்பிய ஏர் கனடாவின் போயிங் 767. எரிபொருளைக் கிலோவில் கணக்குப் போட வேண்டியதைப் பவுண்டில் போட்டுவிட்டார்கள். வேண்டியதில் பாதிகூட டேங்கில் இல்லை. 41,000 அடி உயரத்தில் வற்ற ஆரம்பித்து, இரண்டு இன்ஜினும் நின்றுபோயின. பைலட் கிளைடர் ஓட்டிப் பழகியவர். இங்கிருந்து வடக்கே கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானப்படை ஓடுதளத்தில் அப்படியே மிதந்துவந்து இறக்கினார். அன்றைக்குப் பார்த்து அங்கே கார் பந்தயம்! ஓர் உயிரும் போகவில்லை. "டேங்க்கில எவ்வளவு இருக்குன்னு சரியாக் கணக்குப் பாத்துட்டுக் கிளம்பு" என்று டிரைவர்களிடம் நீங்கள் போடும் சத்தத்தின் அருமை அந்தக் கதையைப் படித்தபோதுதான் தெரிந்தது.

சரி, நம்ம காருக்கு வருகிறேன். 2006 மாடல். டயரில் காற்று பாரு என்றீர்கள். பார்த்தேன். ஐந்தரை டிகிரி குளிர்ந்தால் ஒரு பவுண்டு காற்று இறங்கும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. இருபது டிகிரியில் 32 வைத்த டயர் மைனஸ் முப்பதில் 23க்கு வந்து நிற்கும். பஞ்சர் ஒன்றும் கிடையாது, காற்றே சுருங்கிக்கொள்கிறது. ராத்திரி முழுக்க நின்ற டயரின் அடிப்பக்கம் தரையில் பதிந்த மேனிக்கே தட்டையாக விறைத்துவிடுகிறது. காலையில் முதல் இரண்டு தெரு வரைக்கும் கட்டை வண்டியில் போவது போல 'டொடக் டொடக்' என்று கார் குதிக்கும். இந்த ஊர்க்காரர்கள் இதைச் சதுர டயர் என்பார்கள். காற்றை நிரப்பினேன், விரல் விறைத்தது, மைலேஜ் பெரிதாக ஏறவில்லை.

அடுத்தது, நிற்கவைத்துச் சூடேற்றும் பழக்கம். எதிர்வீட்டுக்காரர் சமையலறை ஜன்னலிலிருந்தே ரிமோட்டை அழுத்திவிட்டுச் சாவகாசமாகக் காபி குடிப்பார். கார் நின்ற இடத்திலேயே மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும். உங்கள் மைலேஜ் நோட்டில் இதை லிட்டருக்குப் பூஜ்யம் கிலோமீட்டர் என்றுதான் எழுத முடியும். எங்கள் காரில் ரிமோட் இல்லை, மூக்கின் அடியில் பிளக்தான் தொங்குகிறது. பெட்ரோல் காருக்கு எதற்கு கரண்ட் என்று பெரியம்மா வீடியோவில் பார்த்துச் சிரித்தார்களே, அது இன்ஜினுக்குள் இருக்கும் ஹீட்டருக்கு. ராத்திரி வயரை இழுத்துச் சொருகிவிட்டால் காலையில் இன்ஜின் முரண்டு பிடிக்காது. ஆபீஸ் பார்க்கிங்கில்கூட வரிசையாகக் கம்பம் நட்டுப் பிளக் வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்க எரிசக்தித் துறை ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 25 டிகிரியில் ஓடுவதைவிட மைனஸ் 7ல் பெட்ரோல் கார் ஊருக்குள் 15 சதவீதம் குறைவாகத்தான் மைலேஜ் தருமாம். ஐந்தாறு கிலோமீட்டர் குட்டிப் பயணம் என்றால் 24 சதவீதம் வரைக்கும் போகுமாம். மைனஸ் 7 இங்கே இதமான நாள். பையன்கள் ஜாக்கெட்டைத் திறந்துவிட்டுக்கொண்டு திரிவார்கள். ஆனாலும் பன்னிரண்டரை ஏழாவதற்குக் குளிர் மட்டும் காரணமாக இருக்க முடியாது. முதலில் போன ஒரு பட்டறையில், ஆக்ஸிஜன் சென்சார், பிளக், இன்ஜெக்டர் சுத்தம் என்று ஒரு பட்டியல் நீட்டினார்கள். அந்தத் தொகைக்கு ஊரில் ஒரு பழைய மொபெட்டே கிடைக்கும். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நோயைக் கண்டுபிடித்தது உங்கள் மருமகள். அதுவும் மைலேஜைப் பற்றிப் பேசி அல்ல. "இந்த ஹீட்டர்ல வர்ற காத்துல ஒரு கைக்குட்டைகூடக் காயாது" என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் காருக்குள்ளேயே கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் மைலேஜ் புகாரைச் சொல்ல, அவள் ஹீட்டர் புகாரைச் சொல்ல, இரண்டையும் சேர்த்துக் கேட்ட பிலிப்பைன்ஸ்கார மெக்கானிக் பானெட்டைக்கூடத் திறக்காமல் சிரித்தார். ஸ்டீரிங்குக்கு அடியில், இன்ஜின் சூட்டைப் போனில் காட்டும் தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றைச் சொருகி, அவர் போனைப் பார்த்துக்கொண்டு என்னை ஒரு சுற்று ஓட்டச் சொன்னார். அரைமணி ஓட்டியும் இன்ஜின் தண்ணீர் 55 டிகிரியைத் தாண்டவில்லை. எண்பதுக்கு மேல் இருக்க வேண்டியது.

தெர்மோஸ்டாட்தான் பெரியப்பா. திறந்த வாக்கிலேயே மாட்டிக்கொண்டுவிட்டது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் நிற்காமல் போக, இன்ஜின் சூடாவதற்குள் ஆறிக்கொண்டே இருக்கிறது. இன்னும் ஸ்டார்ட் செய்த புதிது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டி ஊற்றுகிறது. கியர்பாக்ஸும் இன்ஜின் சூடாகட்டும் என்று கடைசிக் கியருக்குப் போகாமல் காத்திருக்கிறது. எங்கள் பெட்ரோல் வினிப்பெக்கின் வானத்தைச் சூடாக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "அந்தச் சனியனைக் கழட்டி எறிஞ்சுட்டு ஓட்டு!" நம்ம ஊர்ப் பட்டறைகளில் அதுதான் வைத்தியம். தொப்பூர் கணவாயில் லோடோடு ஏறும்போது ரேடியேட்டர் கொதித்து, கிளீனர் குடத்தோடு ஓடி, ஈரச்சாக்கைப் போர்த்தி ஆறவைத்ததைச் சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன். அங்கே இன்ஜினை ஆறவைப்பதுதான் முழுத் தொழில். இங்கே லாரிக்காரர்கள் ரேடியேட்டருக்கு முன்னால் அட்டையை வைத்து மறைத்து, காற்றுப் படாமல் பொத்திப் பொத்தி ஓட்டுகிறார்கள்.

பழசைக் கழற்றிக் கையில் கொடுத்தார். உள்ளங்கையில் அடங்கும் ஒரு வட்டம், நடுவில் ஸ்பிரிங், அதற்குள் மெழுகு அடைத்த சின்னக் குமிழ். சூட்டில் மெழுகு உருகி விரிந்து கதவைத் தள்ளித் திறக்கும், ஆறினால் ஸ்பிரிங் மூடும். இவ்வளவுதான் யந்திரம். பழையதைத் தூக்கிப் பிடித்தால் ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தது. புதியதில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. சாமானின் விலை நாற்பது டாலருக்குள், கூலி அதைவிட அதிகம். இந்த ஊரில் எப்போதும் கைக்குத்தான் விலை.

இப்போது பத்தரை லிட்டர், அதாவது ஒன்பதரை. மிச்சம் குளிரின் பங்கு, அதைப் பங்குனி வந்துதான் தீர்க்க வேண்டும். பிள்ளைகள் கையுறையைக் கழற்றிவிட்டார்கள். உங்கள் மருமகள் மட்டும் ஹீட்டரைக் குறை, மூச்சு முட்டுது என்கிறாள்.

நம்ம ஊர்ப் பட்டறை அண்ணனிடம் மைலேஜ் ஏறிய விஷயத்தை மட்டும் சொல்லுங்கள். தெர்மோஸ்டாட்டைக் காசு கொடுத்து வாங்கி மாட்டினேன் என்று சொல்லிவிடாதீர்கள். அப்புறம் நான் ஊருக்கு வந்தால் உங்கள் வண்டிச் சாவியைத் தர விடமாட்டார்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகன்