மெல்ல மீளும் துறைகள்

2008 நவம்பரில் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். ரசாயன நிறுவனம் உலகெங்கும் சுமார் 80 ஆலைகளைத் தற்காலிகமாக மூடியது. இன்னும் 100 ஆலைகளில் உற்பத்தியைக் குறைத்தது. கார் கம்பெனிகள் திடீரென்று ஆர்டர் கொடுப்பதை நிறுத்திக்கொண்டதுதான் முக்கியக் காரணம்.

மந்தம் வந்துவிட்டால் ரசாயனக் கம்பெனிகளின் ஆண்டறிக்கையில் ‘வாடிக்கையாளர் துறைகளின் எதிர்காலம்’ என்ற பகுதிக்குத் தனி மவுசு. பந்திக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று சமையல்காரரே ஜோசியம் சொல்லும் பகுதி அது. வாடிக்கையாளர் புதிதாக வாங்காமல் குடோனில் கிடக்கும் சரக்கையே தீர்த்துக்கொண்டிருப்பார். அறிக்கையில் அதற்குப் பெயர் ‘தேவைச் சரிவு’. குடோன் துடைத்துக் காலியானதும் வேறு வழியின்றி நாலு டிரம் கேட்பார். உடனே அது ‘மீட்சி’.

கார் துறை மீண்ட கதை இன்னும் ருசியானது. 2009-இல் ஜெர்மன் அரசு, ஒன்பது வயதைத் தாண்டிய காரை நசுக்கிவிட்டுப் புதிது வாங்கினால் 2,500 யூரோ தந்தது. மொத்தம் 500 கோடி யூரோ. ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் இரும்புக் கட்டிகளாயின. புதிய பெயின்ட், இருக்கை நுரை, புகைவடிகட்டி எல்லாவற்றுக்கும் தேவை பிறந்தது. சந்தையின் கண்ணுக்குத் தெரியாத கை என்பார்கள். இந்தக் கையில் அரசு காசோலை பளிச்சென்று தெரிந்தது.

செப்டம்பர் தொடக்கத்திலேயே பணம் தீர்ந்தது. அடுத்து? ஆண்டறிக்கையின் ஜோசியப்படி கட்டுமானம் ‘மெல்ல’ மீளும். எவ்வளவு மெல்ல என்று கேட்பது நாகரிகமல்ல. வேளாண்மை மட்டும் நிலையாக இருக்கும், மந்தத்திலும் பசிக்கிறதாம்.